பி.ரி. அடித்தும் படைப்புழு சாகவில்லையே?

கேள்வி: பெரும்போகத்தில் சோளம் போட்டிருக்கிறேன். பயிருக்கு ஒரு மாதம். குருத்துக்குள் படைப்புழு. காலை ஒன்பது மணிக்கு பி.ரி. மருந்து அடித்தேன். மறுநாளும் புழு நெளிகிறது. மருந்து போலியா? இரசாயன மருந்தும் சேர்த்து அடிக்கட்டுமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒரு நாளில் முடிவெடுக்காதீர்கள். பி.ரி. எனப்படும் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பட்டவுடன் கொல்லாது. புழு அதைத் தின்னவேண்டும். அந்தப் பக்ரீரியாவின் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து குடற்சுவரைச் சிதைக்கும். சில மணித்தியாலத்தில் புழு தின்பதை விட்டுவிடும்; சாக இரண்டு மூன்று நாளாகலாம். அதுவரை குருத்தில் ஈரமான புது எச்சம் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழாவிட்டால் மருந்து வேலை செய்கிறது.

மூன்றாம் நாளும் எச்சம் விழுந்தால், முதலில் சந்தேகப்படவேண்டியது நீங்கள் அடித்த நேரத்தை. வெயிலின் புறஊதாக் கதிர் பி.ரி.யை விரைவாகச் சிதைத்துவிடும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு, மழை வராத நாளில் அடியுங்கள்.

அடுத்தது புழுவின் பருவம். இலையில் பச்சை சுரண்டப்பட்டு வெள்ளைத் திட்டுகள் மட்டும் தெரிந்தால் புழு சிறியது, பி.ரி.க்கு அதுவே ஏற்ற வேளை. இலை கிழிந்து, குருத்து மரத்தூள் போன்ற எச்சத்தால் அடைபட்டிருந்தால் உள்ளே வளர்ந்த புழு இருக்கிறது. அந்த அடைப்பைத் தாண்டி மருந்து இறங்காது. இறங்கினாலும் பெரிய புழு தாங்கிக்கொள்ளும். சிறு தோட்டமென்றால் கையால் எடுத்து நசுக்குவதே மேல். கதிருக்குள் நுழைந்த புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது.

அளவு லேபலில் உள்ளபடிதான். லீற்றருக்கு 2 கிராம் என்றிருந்தால் 16 லீற்றர் தாங்கிக்கு 32 கிராம். முதலில் சிறிது நீரில் கரைத்து, பிறகு தாங்கியில் ஊற்றுங்கள். காரத்தன்மை கூடிய கிணற்று நீர் படிகத்தைக் கெடுக்கும். அதைக் காட்டும் பி.எச். அளவு 8க்கு மேலென்றால் மழைநீர் பிடித்துக் கலக்குங்கள். கரைத்ததை அன்றே முடியுங்கள், இரவு வைத்திருக்கக் கூடாது. தெளிகருவியின் முனை குருத்தின் வாயை நேரே பார்க்கட்டும். இலைமேல் வீசிக்கொண்டு போவது வீண். ஐந்து தொடக்கம் ஏழு நாளில், புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளுக்காக மீண்டும் அடியுங்கள். பி.ரி.யில் ஐசாவாய், குர்ஸ்டாகி என்று வகைகள் உண்டு. வாங்கும்போது ஐசாவாய் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். படைப்புழுவுக்கு அது குர்ஸ்டாகியை விடப் பொருத்தம்.

இரசாயனம் கலக்கவேண்டாம். முட்டையையும் குஞ்சுப் புழுவையும் தின்னும் காதுப்பூச்சியும் குளவியும் அதோடு போய்விடும். வளர்ந்த புழு வயல் முழுக்க இருந்தால் மட்டும், எதை அடிப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: மழைக்குப் பின் சில புழுக்கள் வெள்ளையாய் விறைத்து இலையில் ஒட்டிக் கிடக்கின்றன. பயிருக்கு நோயா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: நோய்தான், ஆனால் புழுவுக்கு. பெரும்பாலும் மெற்றாறைசியம் ரிலேயி என்ற பூஞ்சணம். சில நாளில் வெள்ளை மாறி இளம்பச்சைப் பொடி படியும். அந்த வித்துகள் காற்றில் பறந்து அடுத்த புழுக்களையும் பிடிக்கும். செத்த புழுக்களைப் பிடுங்காதீர்கள். இந்த ஈரம் நிற்கும்வரை சோளத்துக்குப் பூஞ்சணகொல்லி அடிப்பதையும் தவிருங்கள்.