கேட்டது பல்கனி அறை, கிடைத்தது ஜன்னலில்லாத இரண்டு

கேள்வி: ஐயா, நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. டிசம்பர் லீவில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு நாலு இரவுக் கப்பல் பயணத்துக்குக் கண்டியில் உள்ள ஏஜென்சி ஒன்றில் புக் பண்ணினோம். நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன். "பல்கனி ஃபேமிலி ரூம், நாலு பேரும் ஒன்றாக இருக்கலாம்" என்று ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியதை நம்பி முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம். இப்போது வந்திருக்கும் கன்ஃபர்மேஷனில் இருப்பது ஜன்னலே இல்லாத இரண்டு உள் அறைகள். ஒன்றில் கணவரும் மகனும், மற்றதில் நானும் மகளும். அறை இலக்கமும் போடவில்லை. கேட்டால், "ரூம் குடுக்கிறது கப்பல் கம்பெனி, நாங்க இல்ல. ரீஃபண்ட் இல்லைன்னு பற்றுச்சீட்டுக்குப் பின்னால இருக்கே" என்கிறார். பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், கப்பல் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தால், முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். அவர்களிடம் நீங்கள் வாக்கு வாங்கவில்லை. கப்பல் டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு நீண்ட ஒப்பந்தம் இருக்கும், அதில் எந்த வழக்கானாலும் இன்ன நாட்டு நீதிமன்றத்தில்தான் என்று ஒரு வரி இருக்கும், அந்த வரி லேசுப்பட்டது இல்லை. கார்னிவல் எதிர் ஷூட் என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒன்று, கப்பலில் மனைவி வழுக்கி விழுந்ததற்கு ஊரிலேயே வழக்குப் போட்டது, டிக்கெட்டில் ஃப்ளோரிடா என்று அச்சிட்டிருந்ததால் அது நிற்கவில்லை. அதே நாட்டுக்காரர்களுக்கே அந்தக் கதி என்றால் கொட்டகலையிலிருந்து நாம் எங்கே போவது?

உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் கண்டியில் இருக்கிறார், பணம் வாங்கியவரும் அவர்தான். பிடிக்க வேண்டியது அவரை.

அவர் சொல்வதில் பாதி உண்மைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். கன்ஃபர்மேஷனில் அறை இலக்கம் வர வேண்டிய இடத்தில் ஜி.டி.வை. என்று மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 'கேரண்டி' வகை. உள் அறை, ஜன்னல் அறை, பல்கனி அறை என்று தரம் மட்டும் உறுதி, எந்த அறை என்பதைக் கப்பல் கம்பெனி தன் வசதிக்குக் கடைசியில் முடிவு செய்யும். அதனால்தான் விலை குறைவு. தனியாளுக்கோ சின்னஞ்சிறு ஜோடிக்கோ அது பரவாயில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை எடுக்கவே கூடாது, இரண்டு அறையும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, வேறு வேறு தளத்தில்கூட விழலாம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு லேக் தெரியும் அறை என்று காசு வாங்கிவிட்டு, பின்பக்கத்து அறையைத் திறந்துவிட்டு, "ஹோட்டல் அதே ஹோட்டல்தானே" என்று சொன்னால் விடுவீர்களா?

நாலு பேருக்கு ஒரே அறை என்பது கட்டில் கணக்கு மட்டும் இல்லை. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை உயிர்காப்புப் படகு, அதில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அறையில் நாலாவது படுக்கை இருந்தாலும் அந்தப் பகுதிக் கணக்கு நிரம்பிவிட்டால் மூன்றாவது, நாலாவது ஆளைச் சேர்க்கவே கம்ப்யூட்டர் விடாது. ஏஜென்சிக்காரர் தேடிய நேரத்தில் நாலு பேர் அறை கிடைக்காமல் போயிருக்கலாம், நம்புகிறேன். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு, முதலில் அறையைப் பிடித்துவிட்டு, அப்புறம் காசு வாங்குவதுதான் அவருடைய தொழிலே. காசை வாங்கிவிட்டு "கிடைக்கவில்லை" என்பதும், கிடைக்காததைச் சொல்லாமல் வேறொன்றை எடுத்துக் கையில் தருவதும் அந்தத் தொழிலில் வராது.

இங்கேதான் நம் இலங்கைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடக்கக்கூடாது என்கிறது. 32ஆம் பிரிவின்படி சேவை எதுவானாலும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்துகொடுப்பேன் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறாரே, அதற்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்க ஒருவர் அச்சடித்து வைக்கும் நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். அதோடு, அந்த நிபந்தனை உங்கள் கைக்கு வந்ததே காசு கட்டிய பிறகுதானே. காசு கட்டும்போது உங்கள் கண் முன்னால் இருந்தது அந்த வாட்ஸ்அப் வரி மட்டும்தான்.

வாட்ஸ்அப் செல்லுமா என்று கேட்பீர்கள். செல்லும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் போனை மாற்றிவிடாதீர்கள். பேச்சு முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், போனையும் வைத்திருங்கள், அவர் 'டிலீட்' பண்ணினாலும் உங்கள் பக்கத்தில் ஏதாவது மிஞ்ச வேண்டும். குரல் பதிவு அனுப்பியிருந்தால் அது இன்னும் நல்லது.

இப்போது இந்த வாரமே செய்ய வேண்டியது: பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதன் நகல் வாட்ஸ்அப்பிலும். நாலு பேருக்கு ஒரே பல்கனி அறை என்று சொல்லிப் பணம் வாங்கினீர்கள், தந்தது அது இல்லை, இன்ன திகதிக்குள் மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் நடுவில் கதவுள்ள பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு, அதுவும் முடியாவிட்டால் முழுப் பணம். கூடவே ஒரு கேள்வி: கட்டணத்தை ஆள் ஆளாகப் பிரித்துக் காட்டுங்கள். பல கப்பல்களில் ஒரே அறையில் தங்கும் மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு, இரண்டு அறை என்றால் நாலு முழுக் கட்டணம். உங்களிடம் வாங்கிய தொகை பல்கனி அறைக் கணக்கா, உள் அறைக் கணக்கா என்பது அந்தப் பிரிப்பில் தெரிந்துவிடும். பல ஏஜென்சிகள் இந்தக் கேள்வியிலேயே இறங்கி வந்துவிடும்.

மாற்றி அறை தருகிறேன் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். நாலு பேர் அறை என்றால் கீழே இரண்டு கட்டிலைச் சேர்த்து டபுளாக்கி, மேலே கூரையிலிருந்து மடக்கி இறக்கும் இரண்டு படுக்கை என்றுகூட இருக்கும். மகள் ஏறிப் படுப்பாள், அவளுக்கு அது விளையாட்டு. 4 வயதுப் பிள்ளையை மேல்படுக்கையில் போட முடியாது, 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் பொதுவான விதி. அதனால் ஒரு சோபா கட்டிலும் ஒரு மேல்படுக்கையும் உள்ள அறையா என்று எழுத்தில் கேளுங்கள், அறை இலக்கத்தோடு. இலக்கம் கிடைத்ததும் கப்பலின் தள வரைபடத்தில் பாருங்கள். தலைக்கு மேல் டிஸ்கோ இருந்தால் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். நடுக்கப்பலில், கொஞ்சம் கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. ஹட்டன் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் பல்கனியைவிட அது முக்கியம்.

அவர் மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 1977க்கு அழைத்துச் சொல்லலாம், ஆனால் அதோடு விடாமல் எழுத்தில் கொடுங்கள், அதன் மாவட்டக் காரியாலயம் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் அரசியலமைப்பு உரிமை, சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேட வேண்டியதில்லை. விசாரித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அவர்களுக்கு அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. ஒரு சிக்கல், முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். சேவை கிடைத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நான் வாதாடுவேன், பணம் கட்டிய நாளிலிருந்து என்று அவர் ஆள் வாதாடுவார். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் பணம் கட்டிய திகதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். சிவில் வழக்குக்கு அவசரம் இல்லை, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்மொழிக்கு 3 வருடம் என்று காலாவதிக் கட்டளைச் சட்டம் தருகிறது, தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரலாம். இந்தத் தொகைக்கு வக்கீல் செலவு கட்டாது என்று தோன்றினால் சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

எதுவும் மாறாமல் அந்த இரண்டு அறையிலேயே போக வேண்டி வந்தால், "ஆட்சேபனையோடுதான் போகிறோம், நட்டஈடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று புறப்படும் முன் ஏஜென்சிக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கப்பலில் ஏறியதும் இரண்டு கதவையும், அறைகளையும், இடையில் உள்ள நடைபாதையையும் போனில் வீடியோ எடுங்கள். காகிதத்தில் யார் எந்த அறை என்று இருந்தாலும் உள்ளே மாறிப் படுப்பதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை, வரவேற்பில் கேட்டால் பெற்றோர் இருவருக்கும் இரண்டு அறைக்கும் சாவி அட்டை தருவார்கள். பாதுகாப்புப் பயிற்சியின்போது மட்டும் மகனுடைய அட்டையில் எந்தக் கூடுமிடம் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது அறையைப் பொறுத்து மாறும். உங்களுடையதும் அவனுடையதும் வேறாக இருந்தால் அன்றைக்கே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.