பெயரும் பீடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மே 29 அன்று ஒரு படம் பார்த்தேன். ஐ.நா. தலைமையகத்தில் கோட் போட்ட ஒருவர் கண்ணாடி முட்டை மாதிரி ஒன்றை வாங்கிக்கொள்கிறார். பணியில் இறந்த அமைதிப்படை வீரருக்கான பதக்கம் என்று கீழே குறிப்பு. எனக்கு ஒன்று விளங்கவில்லை. எதிரி நாடு இல்லை, வெற்றி இல்லை, காத்தது சொந்த மண்ணும் இல்லை. அப்படி இறந்தவருக்குக் கல் நட்டால் அதில் என்ன எழுதுவது? தவிர, அமைதிப்படை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு வாய் கசக்கும். இதெல்லாம் அரசுகளின் சடங்குதானே?

எம்.

அன்புள்ள எம்.,

சடங்குதான், சந்தேகமில்லை. ஆனால் கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டீர்களே, அது சாதாரணக் கேள்வி இல்லை. நடுகல்லில் பெயரும் பீடும், அதாவது பெருமையும், எழுதினார்கள் என்று பழைய பாட்டு சொல்கிறது. அமைதிப்படை வீரனுக்குப் பெயர் இருக்கிறது. பீட்டுக்குத்தான் திண்டாட்டம்.

ஐ.நா. தன் முதல் கண்காணிப்பாளர்களை அனுப்பியது 1948-ல். அந்த ஜூலையிலேயே ரெனே த லபாரியேர் என்ற பிரெஞ்சு அதிகாரி பாலஸ்தீனத்தில் இறந்தார். அன்றிலிருந்து 4,400 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பாதிக்கும் மேல் நோயாலும் விபத்தாலும். 2003 கிறிஸ்துமஸ் அன்று விடுப்பில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த 15 வங்கதேச ராணுவ அதிகாரிகள், பெனின் நாட்டின் கோட்டனூவில் விமானம் கிளம்பிய வேகத்தில் விழுந்து இறந்தார்கள். அங்கே என்ன பீடு எழுதுவீர்கள்?

ஐ.நா. படையில் இருந்த இந்திய அதிகாரி குர்பச்சன் சிங் சலாரியா விதிவிலக்கு. 1961 டிசம்பர் 5, காங்கோவின் எலிசபெத்வில் (இன்றைய லுபும்பாஷி). 16 பேரோடு போய், தங்களைவிடப் பல மடங்கு பெரிய கூட்டத்தைச் சிதறடித்து, கழுத்தில் குண்டு வாங்கி இறந்தார். பரம்வீர் சக்கரம் கிடைத்தது. நடுகல் காலத்து ஆட்களுக்கும் இந்தக் கதை புரிந்திருக்கும்.

கிகாலியில் இருப்பது வேறு வகை. பழைய ராணுவ முகாம் ஒன்றுக்குள் பத்துக் கல்தூண்கள் நிற்கின்றன. 1994 ஏப்ரல் 7 அன்று ருவாண்டாவின் பிரதமரைக் காக்கப் போன பத்து பெல்ஜிய வீரர்கள் அங்கேதான் கொல்லப்பட்டார்கள். ருவாண்டா ராணுவத்தினர் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னார்கள், இவர்கள் வைத்தார்கள். முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிரதமரும் தப்பவில்லை. ஒவ்வொரு தூணிலும் குறுக்கே வெட்டுக்கோடுகள். எண்ணிப் பார்த்தால் அந்த வீரனின் வயது. பீடு இருக்கவேண்டிய இடத்தில் வயதை வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்தின் சுவரையும் குண்டு துளைத்தபடியே, பூசாமல் விட்டிருக்கிறார்கள். அவர்களைக் கொன்றதே பெல்ஜியம் மிரண்டு படையைத் திருப்பி அழைக்கட்டும் என்றுதான். அழைத்துக்கொண்டது. அடுத்த நூறு நாட்களில் அந்த நாட்டில் நடந்த இனப்படுகொலை உங்களுக்குத் தெரியும். எதையோ காப்பாற்றியதாக அந்தத் தூண்கள் பெருமை பேசுவதில்லை. எனக்கு அவற்றைப் பிடித்ததே அதனால்தான்.

சரி, அந்தக் கசப்புக்கு வருகிறேன். 1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படை ஐ.நா. படை அல்ல, இரண்டு அரசுகளின் உடன்பாட்டில் போனது. பெயரில் அமைதி, செய்தது போர். 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 பேர் இறந்திருந்தார்கள். கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. இந்தியப் பிரதமர் வந்தால் மலர்வளையம் வைக்கிறார். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், அதே படை யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் சுட்டதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் இறந்தார்கள். அங்கே ஆண்டுதோறும் ஊழியர்கள் தங்கள் சகாக்களின் படங்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு. சிப்பாயின் பெயரைக் கல்லில் வெட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். அவனை அனுப்பியவர்கள் அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் உறுத்துகிறது.

இறந்த அமைதிப்படை வீரர்களுக்கு நியூயார்க்கில் ஒரு நினைவுச் சுவர் எழுப்ப 2023 ஜூனில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. முன்மொழிந்தது இந்தியா, 190 நாடுகள் சேர்ந்துகொண்டன. பெயரோடு இடத்தையும் தேதியையும் பொறிக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கே, எப்போது என்று தெரிந்தால் ஏன் என்று யாராவது தேடிப் போவார்கள்.

அப்புறம், நீங்கள் பார்த்த முட்டை. அதன் பெயர் டாக் ஹாமர்ஷோல்ட் பதக்கம். காங்கோ சண்டையை நிறுத்தப் பேசப் போகும் வழியில் 1961-ல் விமானம் விழுந்து இறந்த ஐ.நா. பொதுச்செயலாளர் அவர். நிறமில்லாத கண்ணாடி, இறந்தவரின் பெயரும் இறந்த தேதியும் அதில் செதுக்கியிருக்கும். பதக்கம் என்று பேர், நாடாவும் இல்லை, ஊக்கும் இல்லை. சட்டையில் குத்திக்கொள்ளத்தான் ஆள் இல்லையே. கோட் போட்டவர் அந்த நாட்டின் தூதராக இருப்பார். அவர் கையிலிருந்து அது குடும்பத்துக்குப் போகும். வீட்டில் அதை எங்கே வைப்பார்கள் என்று ஒவ்வொரு மே மாதமும் யோசிக்கிறேன். உருண்டு விழாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.