வாத்தியார் வாயில் கூன்யா

கேள்வி: எங்கள் கோவில் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் ஒருவர் கூன்யாவை (பர்மாவில் கடைகளில் மடித்து விற்கும் வெற்றிலை பாக்கை) அதக்கிக்கொண்டே பாடம் நடத்துகிறார். கேட்டால், "நான் சிகரெட்டா குடிக்கிறேன்? தாம்பூலம்தானே" என்கிறார். பெரிய சம்பளமும் வாங்காதவர். கமிட்டி தலையிடலாமா?
– வாசகர், மோல்மேன், பர்மா

பதில்: தலையிட்டே ஆக வேண்டும். கல்யாணத் தட்டில் வைப்பது வெற்றிலையும் பாக்கும். தெருமுனைக் கடையில் மடித்துத் தருவதில் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்கின்றன. சுண்ணாம்பின் காரத்தால் நிக்கோடின் வாய்வழியே வேகமாக ரத்தத்தில் ஏறும். பழக்கம் இறுகுவது அதனால்தான். "புகையிலை இல்லாமல் போடுகிறேன்" என்று அடுத்து சொல்வார். அதுவும் செல்லாது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் விசாரியுங்கள்: "தம்பி, ஓடிப்போய் ரெண்டு கூன்யா வாங்கிட்டு வா" என்று பையன்களை அனுப்புகிறாரா? பர்மாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பள்ளி வளாகத்திலும், அதிலிருந்து 100 அடிக்குள்ளும் விற்பனையே கூடாது. பையனை அனுப்பும் வாத்தியார் கடைக்காரரைச் சட்டம் மீறவைக்கிறார். எந்தப் புகையிலை, எவ்வளவு காரம் என்று கேட்டு வாங்கப் பையனையும் பழக்குகிறார். அந்தச் சுவைக்கு எந்தப் பாடப்புத்தகமும் மருந்தாகாது. கமிட்டியில் ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு வளாக எல்லையிலிருந்து கடைவரை அளந்து பார்க்கட்டும்.

விதி ஒன்றே போதும்: பள்ளி வாசலுக்குள் யார் வாயிலும் எதுவும் இருக்கக் கூடாது. தலைவர், பொருளாளர், பூசாரி, எல்லோருக்கும்தான். வராந்தாவில் எச்சில் துப்பும் படிக்கம் இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்; அது அங்கே இருக்கும்வரை விதியை யாரும் நம்பமாட்டார்கள். வாத்தியாரிடம் பிள்ளைகள் எதிரில் பேசாதீர்கள்.

விட நினைத்தால், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வகுப்பில்லாத விடுமுறையில் தொடங்கட்டும். எரிச்சலும் தூக்கமின்மையும் அந்த நாள்களில்தான் உச்சம். பிறகு சில வாரங்களில் தணியும். பலர் தோற்பது எண்ணிக்கையைக் குறைக்கும்போதுதான். பத்தை ஐந்தாக்குவார்கள், அந்த ஐந்தையும் இரண்டு மடங்கு நேரம் கன்னத்தில் அடக்கிவைப்பார்கள். உடம்புக்குப் போவது குறையாது. சாப்பிட்டதும் வரும் ஆசைதான் முரட்டு ஆசை. உடனே பல் துலக்கி, கொஞ்சம் சோம்பு மென்று, இடத்தை விட்டு எழுந்து நடந்தால் சில நிமிடங்களில் அடங்கும். கூன்யாக் கடையை ஒட்டிய டீக்கடையைக் கொஞ்ச காலம் மாற்றிக்கொள்வதும் நல்லது.

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் வாயின் உட்புறச் சவ்வு இறுகத் தொடங்கியிருக்கலாம். வெள்ளைத் திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் பல் டாக்டரிடம் போக வேண்டும்.

"நானே போடுகிறேன், பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வேன்" என்று ஒதுங்கவும் விடாதீர்கள். விட முயல்கிறவர் சொன்னால் பிள்ளைகள் காதுகொடுத்துக் கேட்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையனிடம் புற்றுநோயைச் சொன்னால் அது ஐம்பது வயதுக்காரர் கவலை. பல் கறையையும் வாய் நாற்றத்தையும் சொல்லுங்கள். கணக்குப் பாடத்தில் ஒரு நாள் கூன்யாச் செலவை முப்பதால் பெருக்கச் சொல்லுங்கள்; விலையைப் பிள்ளைகளே சொல்வார்கள்.