பைபாஸ் செய்தும் எடை ஏறிவிட்டது. மறுபடியும் ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 43, உயரம் 160 செ.மீ. ஆறு ஆண்டுகளுக்கு முன் 124 கிலோ இருந்தபோது கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, அதை நேராகக் குடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு ஆபரேஷன்) செய்துகொண்டேன். இரண்டே ஆண்டில் 78 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரையும் நின்றது. இப்போது 97 கிலோ. அப்போதெல்லாம் நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இப்போது முக்கால் தட்டு சாப்பிட முடிகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கி வியர்க்கிறது, ஏதாவது இனிப்பு வாயில் போட்டால்தான் அடங்குகிறது. மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை எடுக்கிறேன். 'வயிற்றை மறுபடி சின்னதாக்கிவிடலாம்' என்கிறார் ஒரு மருத்துவர். வீட்டில், 'செய்த ஆபரேஷனையே வீணாக்கிவிட்டாய்' என்கிறார்கள். என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நீங்கள் எதையும் வீணாக்கவில்லை, சகோதரி. இன்றைக்கும் பழைய எடையைவிட 27 கிலோ குறைவாக இருக்கிறீர்கள். அது சுமார் 22 சதவீதம். ஸ்வீடனில் பருமன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்தாவது ஆண்டில் அந்தக் குறைவு 25 சதவீதமாகிவிட்டது. கொஞ்சம் திரும்ப ஏறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். உங்களுக்குச் சராசரியைவிட அதிகமாகக் குறைந்தது, அதேபோல் சராசரியைவிடக் கூடுதலாக ஏறியும் இருக்கிறது. 19 கிலோ சின்ன விஷயம் இல்லை, காரணத்தைத் தேடத்தான் வேண்டும். ஆனால் தேடுவதற்கு முன்பே கத்தியை எடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

முக்கால் தட்டு சாப்பிட முடிவதை வைத்து 'வயிறு விரிந்துவிட்டது' என்று முடிவுகட்ட வேண்டாம். ஆபரேஷனில் விட்டுவைக்கும் இரைப்பைப் பை வெறும் 30 மி.லி. அளவுதான். ஆண்டுகள் போகப்போக அது கொஞ்சம் நெகிழும், குடலும் பழகிக்கொள்ளும். பைபாஸில் எடை குறைவது பையின் அளவால் மட்டும் இல்லை; குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறி, பசியையும் நிறைவையும் மூளைக்குச் சொல்லும் விதமே மாறுகிறது. அதனால்தான் பையை மட்டும் மறுபடி சிறிதாக்கும் ஆபரேஷன் பலருக்கு நீடித்த பலனைத் தருவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அந்தக் கைநடுக்கம்தான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பைபாஸுக்குப் பிறகு உணவு நேராகக் குடலுக்குள் இறங்குவதால், மாவுச்சத்தும் இனிப்பும் ரத்தத்தில் சட்டென்று ஏறும். உடல் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். ஆபரேஷன் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆனபின்தான் பெரும்பாலும் இது தலைகாட்டும். இறங்கியதும் பயந்துபோய் இனிப்பு சாப்பிடுகிறோம், அது மறுபடி இன்சுலினைத் தூண்டுகிறது, மறுபடி நடுக்கம், மறுபடி இனிப்பு. ஒரு நாளில் இப்படி நாலைந்து முறை நடந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? இது வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வருவது இல்லை என்பதை உங்கள் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த முறை நடுங்கும்போது, முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்த்து எழுதிவையுங்கள். பிறகு இனிப்பை எடுங்கள். 54-க்குக் கீழே போனால் சந்தேகமே இல்லை. குளுக்கோஸ் கரைசலைக் குடித்துவிட்டுச் செய்யும் பரிசோதனை பைபாஸ் ஆனவர்களுக்கு ஒத்துவராது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மயக்கமோ குழப்பமோ வந்தால் வண்டி ஓட்டாதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் குறைத்து, சர்க்கரை கலந்த பானங்களை நிறுத்தினாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பதும் உதவும். இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால் அகார்போஸ் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன.

அப்புறம், அந்த வலி மாத்திரை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை என்றால் இன்றே நிறுத்துங்கள். இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வர இவை முக்கியக் காரணம், புகைபிடித்தல் இன்னொன்று. வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, வயிற்றில் குத்துவலி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, ஆபரேஷன் எப்போது தேவைப்படும்? உள்ளே ஏதாவது பழுது இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் சொல்லும். பைக்கும் ஒதுக்கிவைத்த பழைய இரைப்பைக்கும் நடுவே சில சமயம் ஒரு வழி திறந்துவிடும். உணவு பழைய பாதையில் போக ஆரம்பித்துவிடும். பசி கூடும், நெஞ்செரிச்சலும் புண்ணும் வரும். இதைச் சரிசெய்ய மறு ஆபரேஷன் நியாயமானது. இணைப்பு வாய் மிகவும் அகன்றிருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே தையல் போட்டுச் சுருக்கலாம். பலன் மிதமானதுதான், ஆனால் ஆபத்தும் குறைவு.

குடல் இணைப்பை இன்னும் கீழே தள்ளிவைக்கும் ஆபரேஷனும் உண்டு. எடை நன்றாகக் குறையும். ஆனால் சத்தும் உடலில் சேராது. ஓயாத வயிற்றுப்போக்கு, புரதக் குறைவால் கால் வீக்கம், ஏ, டி, ஈ, கே வைட்டமின் குறைபாடு எல்லாம் வரலாம். சிலருக்கு அந்த இணைப்பைப் பழையபடி மாற்றிவைக்க மூன்றாவது ஆபரேஷன் தேவைப்படும். ஏற்கெனவே ஒருமுறை தைத்த இடத்தில் திசுக்கள் ஒட்டிக் கிடக்கும் என்பதால், எந்த மறு ஆபரேஷனிலும் கசிவும் தொற்றும் முதல் முறையைவிட அதிகம். 'என் வயிற்றில் என்ன பழுதைப் பார்த்தீர்கள்? அதற்காக எந்த ஆபரேஷன்? இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று அந்த மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழுது இல்லையென்றால் மருந்துகளைத்தான் நான் முதலில் யோசிப்பேன். லிராகுளூடைடு, செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள், ஆபரேஷனில் மாறிய அதே ஹார்மோன் வழியில் வேலை செய்பவை. அறுவை சிகிச்சையில் போதிய அளவு குறையாதவர்களுக்கு லிராகுளூடைடு கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், 24 வாரத்தில் சுமார் 9 சதவீத எடை குறைந்தது. நிறுத்தினால் எடை மறுபடி ஏறும் என்பதால் நீண்ட காலத்துக்குப் போட வேண்டியிருக்கும். குமட்டலால் சாப்பாடு குறையும்போது புரதமும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தரிக்கும் திட்டம் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரத்தத்தில் இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, அல்புமின், தைராய்டு ஆகியவற்றைப் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை தப்பாகக் காட்டக்கூடும், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டீராய்டு, தூக்கத்துக்கோ மனநலத்துக்கோ எடுக்கும் சில மாத்திரைகள் கூட எடையை ஏற்றும். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரு தாளில் எழுதி, முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் குறிப்பையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். குடலை எவ்வளவு நீளத்தில் இணைத்தார்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.