ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பொறியியல் படிப்பு. கோடை விடுமுறைப் பணி கால்கூர்லி தங்கச் சுரங்கத்தில். போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் ஊரைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கால்கூர்லி பெர்த்திலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. கிழக்கே. 1893-இல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர். பக்கத்தில் ஆறு கிடையாது. குடிநீரே பெர்த் அருகிலுள்ள மண்டாரிங் அணையிலிருந்து 500 கி.மீ.க்கும் மேல் குழாயில் வருகிறது. 1903-இல் முடிந்த அந்தத் திட்டத்தில் வழியெங்கும் எட்டு நீரேற்று நிலையங்கள். வடிவமைத்த சி. ஒய். ஓ'கானர் தண்ணீர் போய்ச் சேர்வதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். பாய்மப் பொறியியலில் உராய்வு இழப்பு (குழாய்ச் சுவரில் உரசித் தண்ணீர் அழுத்தம் இழப்பது) என்று பக்கம் பக்கமாகப் படித்திருப்பீர்களே, அது ஒரு ஊரின் உயிராக இருப்பதை அங்கே பார்க்கலாம். அங்குள்ள சூப்பர் பிட் என்ற திறந்தவெளித் தங்கச் சுரங்கம் தனிக் கதை: நீளம் சுமார் மூன்றரை கி.மீ., ஆழம் 600 மீட்டருக்கு மேல்.

வேலை? பெரும்பாலும் அளவெடுப்பு, பம்பு, கன்வேயர் பழுதுக் கணக்கு, எக்செல். புதிய இயந்திரம் வடிவமைக்கச் சொல்லமாட்டார்கள். பராமரிப்புக் குழுவின் ஃபிட்டர்களோடு சுற்றுங்கள். பொறியாளர் அறையைவிட அங்கேதான் விஷயம் அதிகம்.

டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஷிப்ட் 12 மணி நேரமாக இருக்கலாம். மது, போதைப் பரிசோதனை உண்டு, முந்தின இரவு விருந்தெல்லாம் வேண்டாம். தங்குமிடம் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாடகை சம்பளத்தை விழுங்கிவிடும். இந்த வாரங்கள் பட்டத்துக்கான தொழில் அனுபவமாகக் கணக்கில் வருமா என்று துறையில் முன்கூட்டியே கேளுங்கள். மாணவர் விசா என்றால், கல்லூரி விடுமுறைக் காலத்தில் வேலை நேர வரம்பு கிடையாது.