கேம் கன்சோலுக்கு எந்த மெமரி கார்டு? நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வண்ணார்பேட்டையில் மொபைல், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் கையில் வைத்து விளையாடும் கன்சோல்களும் நிறைய வருகின்றன. ஸ்விட்ச், ஸ்டீம் டெக், பரணில் கிடந்த பழைய பிஎஸ்பி என்று ரகம் ரகமாக வந்தாலும் கொண்டு வருகிறவர்களின் குறை ஒன்றுதான்: இடம் பத்தவில்லை. எந்தக் கார்டு வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு நேரில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, என்னிடம் இருப்பது ஸ்விட்ச் ஓஎல்இடி. அதன் 64 ஜிபியும், போட்டிருக்கும் 128 ஜிபி கார்டும் நிறைந்துவிட்டன. கடையில் ஒரு கார்டில் 200 எம்பி வேகம் என்று போட்டிருக்கிறான், இன்னொன்றில் 100தான். விலை நன்றாகவே வித்தியாசப்படுகிறது. 200 வாங்கினால் கேம் சீக்கிரம் லோடாகுமா?

ஆகாது தம்பி. 100 போட்டிருப்பதையே வாங்கு, மிச்சப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போனாலும் வயலுக்கு வருவது மடை விடுகிற அளவுதானே. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உன் ஸ்விட்ச்சில் இருக்கும் ஸ்லாட் யுஎச்எஸ் ஒன்று என்ற வகை. அந்த வகைக்கு விநாடிக்கு 104 எம்பிதான் உச்சம். அட்டையில் இருக்கும் 200 என்பது, அந்தக் கம்பெனி தனியாக விற்கும் கார்டு ரீடரில் போட்டு, தனி முறையில் படித்தால் கிடைக்கும் வேகம். ஸ்விட்ச்சுக்கு அந்த முறை தெரியாது. ஸ்விட்ச்சைத் தயாரிக்கும் நின்டெண்டோவே 60 முதல் 95 எம்பி வரை படிக்கும் வேகம் உள்ள கார்டைத்தான் பரிந்துரைக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். கார்டில் இருந்து படம் எடுத்து அடிக்கடி கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவர் அந்த ரீடரையும் சேர்த்து வாங்கினால் 200க்கு அர்த்தம் உண்டு. கேம் மட்டும் ஆடுகிறவருக்கு இல்லை.

அம்பாசமுத்திரம், பள்ளி ஆசிரியர்: கார்டின் மேல் சின்னச் சின்னதாக எத்தனையோ குறி இருக்கிறது. வட்டத்துக்குள் 10, யு எழுத்துக்குள் 3, வி30, ஏ1, ஏ2. மகனுக்கு வாங்கித் தர வேண்டும். இதில் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

நல்ல கேள்வி சார். கண்ணாடி போட்டுக்கொண்டு கார்டைப் புரட்டிப் பார்க்கிற எல்லோருக்கும் வரும் சந்தேகம்.

வட்டத்துக்குள் 10, யு1, யு3, வி30 ஆகிய எல்லாமே எழுதும் வேகத்துக்கான உத்தரவாதம். வீடியோ கேமராவை மனதில் வைத்து வந்தவை. 10 என்றாலும் யு1 என்றாலும் விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி, யு3 என்றாலும் வி30 என்றாலும் குறைந்தது 30 எம்பி. கேம் கன்சோல் கார்டில் எழுதுவது முக்கியமாக டவுன்லோடு செய்யும்போதும் அப்டேட் போடும்போதும்தான். மற்ற நேரமெல்லாம் படிக்கிற வேலை. அதனால் யு3 இருந்தால் போதும், அதற்கு மேல் தேட வேண்டாம்.

ஏ1, ஏ2 என்பது வேறு கணக்கு. சின்னச் சின்னத் துண்டுகளை அங்கொன்று இங்கொன்றாக எடுக்கும் திறமை அது. ஏ1 கார்டு விநாடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்க வேண்டும், 500 முறை எழுத வேண்டும். ஏ2 என்றால் 4000 முறையும் 2000 முறையும். கேட்க ஏ2 பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த எண்ணை எட்டக் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத கருவியில் ஏ2 கார்டு ஏ1 மாதிரியேதான் ஓடும். இரண்டும் ஒரே விலை என்றால் ஏ2 எடுங்கள், கூடுதல் பணம் கேட்டால் ஏ1 போதும்.

மேலப்பாளையம்: அண்ணே, மாமா துபாயிலிருந்து ஸ்விட்ச் 2 கொண்டுவந்தார். பழைய ஸ்விட்ச்சில் இருந்த 512 ஜிபி கார்டைப் போட்டால் கேமுக்கு எடுக்க மாட்டேன் என்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?

கார்டுக்கு ஒன்றும் இல்லை. 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2, கேம்களை மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது ரகக் கார்டில் மட்டும்தான் வைக்க விடும். பழைய கார்டில் நீங்கள் எடுத்து வைத்த படங்களையும் வீடியோக்களையும் உள்ளே கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

எக்ஸ்பிரஸ் ரகத்துக்கான விதிமுறை 2019லேயே வந்துவிட்டது. லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புச் சாதனம் பேசும் அதே பாஷையை இந்தக் கார்டும் பேசுகிறது. உச்ச வேகம் விநாடிக்கு 985 எம்பி. பழைய ரகத்தின் 104ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்டைத் திருப்பினால் வழக்கமான தங்க நிறப் பட்டைகளுக்குக் கீழே இன்னொரு வரிசை தெரியும். புது வேகம் வருவது அந்த வரிசை வழியாகத்தான்.

வாங்கும்போது ஒரு இடத்தில் ஏமாறாதீர்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்று பெயர் போட்ட கார்டுகள் கடையில் நிறைய உண்டு. அது ஒரு கம்பெனியின் மாடல் பெயர், பழைய ரகம். 'எக்ஸ்பிரஸ்' வேறு. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், கடைக்காரப் பையனுக்கும் குழம்பும். அட்டையில் எக்ஸ்பிரஸ் என்று முழுசாக எழுதியிருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கன்சோலுக்குள் 256 ஜிபி ஏற்கெனவே இருப்பதால், அது நிறையும் வரை பொறுத்திருந்தும் வாங்கலாம். விளையாடி முடித்துக் கார்டைக் கழற்றினால் சூடாக இருக்கும், பயப்பட வேண்டாம். அந்த வேகத்துக்கு அந்தச் சூடு இயல்புதான்.

அதே கேள்வியோடு, ஜங்ஷன் பக்கத்திலிருந்து: யுஎச்எஸ் இரண்டு கார்டிலும் பின்னால் இரண்டு வரிசை இருக்கிறதே, அது ஸ்விட்ச் 2க்கு ஆகாதா?

ஆகாது. அந்த இரண்டாம் வரிசை வேறு, இது வேறு. பழைய ஸ்விட்ச், ஸ்டீம் டெக்கில் போட்டாலும் யுஎச்எஸ் ஒன்று வேகத்தில்தான் ஓடும்.

தென்காசி: ஆன்லைனில் ஒரு டிபி கார்டு பாதி விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா அண்ணாச்சி?

வாங்காதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே மாட்டியிருக்கிறேன்.

அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக 256 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். எங்கே என்பது வேண்டாம். அட்டை, ஹாலோகிராம், எழுத்து எல்லாம் அசல்போலவே இருந்தது. கன்சோலில் போட்டால் 256 என்றே காட்டியது. முதல் இரண்டு கேம் அருமையாக ஓடியது. மூன்றாவதைப் போட்டதும் அது திறக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி டவுன்லோடு செய்தான், இந்த முறை முதல் கேம் போய்விட்டது. பிள்ளை கன்சோல்தான் பழுது என்று நினைத்து, அம்மா திட்டுவாளே என்று ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறான். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்காது.

கார்டைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். கார்டு நிறைய ஒரு ஜிபி ஒரு ஜிபியாக எழுதி, பிறகு எழுதியதை எல்லாம் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் அது. முடிவு சிவப்பில் வந்தது: 29 ஜிபி சரி, 209 ஜிபி தொலைந்தது. உள்ளே இருந்தது 32 ஜிபி சில்லு. 'நான் 256' என்று பொய் சொல்லும்படி, கார்டுக்குள் அதை இயக்கும் கன்ட்ரோலர் சில்லை மாற்றியிருந்தார்கள். ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இடம் தீர்ந்த பிறகு எழுதுவது காற்றோடு போகும், அல்லது பழையதன் மேலேயே விழும்.

ஆகவே எந்தக் கார்டு வாங்கினாலும், பில் போட்டு நம்பிக்கையான கடையில் வாங்கினாலும்கூட, முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்ற மென்பொருள் உண்டு. நல்ல ரீடரில் 256 ஜிபிக்கு இரண்டு மணி நேரம்போல ஆகும். பழைய யுஎஸ்பி 2 ரீடர் என்றால் ஐந்து மணி நேரம், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். சோதனை முடியாமல் ஒரு கேம்கூட ஏற்றாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்தால்தான் பணம் திரும்ப வரும்.

ஒரு விஷயத்தில் சந்தேகப்பட வேண்டாம். 256 ஜிபி அசல் கார்டும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 238 என்றுதான் காட்டும். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. அது ஏமாற்று இல்லை.

வள்ளியூர், வீட்டிலிருந்து ஐடி வேலை: ஸ்டீம் டெக் வைத்திருக்கிறேன். கார்டில் கேம் போட்டால் ஆடும்போது திணறுமா? டவுன்லோடு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

ஆடும்போது பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது, லோடிங் திரையில் சில விநாடி கூடும். எந்நேரமும் புதுப் புது இடத்தைத் திறந்துகொண்டே போகும் பெரிய கேம்கள் மட்டும் உள்ளேயே இருக்கட்டும். பால்டர்ஸ் கேட் 3 தனியாகவே 150 ஜிபி கேட்கிறது. சின்ன கேம்கள், பழைய கேம்கள் எல்லாவற்றையும் தயங்காமல் கார்டுக்குத் தள்ளுங்கள்.

டவுன்லோடு மெதுவாவதற்குக் காரணம் உங்கள் இணையம் இல்லை. கேம் விற்கும் ஸ்டீம் தளம் சுருக்கி அனுப்புவதைப் பிரித்துப் பிரித்து எழுத வேண்டும், அங்கேதான் கார்டு மூச்சு வாங்குகிறது. முதலில் உள்நினைவில் இறக்கிவிட்டு, பிறகு செட்டிங்கில் போய்க் கார்டுக்கு மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும். இன்னொன்று, டெக்கில் ஃபார்மட் செய்த கார்டை விண்டோஸ் படிக்காது, "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். பழக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டால் அத்தனை கேமும் போச்சு.

திசையன்விளை: அப்பா வளைகுடாவில் இருந்தபோது வாங்கி வந்த பிஎஸ்பி இன்னும் ஓடுகிறது. அதன் மெமரி ஸ்டிக் கிடைக்கவில்லை.

அப்பாவின் நினைவாக இருப்பதை ஓட்டி வைத்திருப்பது சந்தோஷம். மெமரி ஸ்டிக் புரோ டுவோ வடிவத்தில், உள்ளே மைக்ரோ எஸ்டி செருகும் அடாப்டர் கிடைக்கிறது. அதில் நல்ல கம்பெனியின் 32 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டு, பிஎஸ்பியிலேயே ஃபார்மட் செய்யுங்கள். வேகக் குறி எதுவும் பார்க்க வேண்டாம், அந்தக் கருவிக்கு எந்தக் கார்டும் அதிகம்தான்.

சங்கரன்கோவில்: பழைய கேம் ஆடும் சின்னக் கன்சோல் ஒன்று வாங்கினேன். கூடவே கார்டும் வந்தது. அதுவே போதுமா?

பெயரில்லாத கார்டு என்றால் போதாது. இப்படிக் கூட வருகிற கார்டுகள் சில மாதத்தில் படுத்துவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே அதில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, ஏ1 குறி உள்ள நல்ல கார்டுக்கு மாற்றிவிடுங்கள். 64 ஜிபி தாராளம்.

சேரன்மகாதேவி, ஒரு அம்மா: மகளின் ஸ்விட்ச்சில் கார்டு படிக்கவில்லை என்று வருகிறது. ஒரு வருடமாகக் கேமில் கட்டிய தீவு போய்விட்டது என்று அழுகிறாள்.

முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள், தீவு எங்கும் போகவில்லை. ஸ்விட்ச்சில் ஆடிச் சேர்த்தது எல்லாம் கன்சோலின் உள்நினைவில்தான் இருக்கும், கார்டில் இருப்பது கேமும், எடுத்து வைத்த படம், வீடியோவும்தான். கன்சோலை முழுவதும் அணைத்து, கார்டைக் கழற்றி மறுபடி செருகிப் பாருங்கள். அப்படியும் படிக்கவில்லை என்றால் வேறு கார்டு போட்டு, வாங்கிய அதே கணக்கிலிருந்து கேமைத் திரும்ப இறக்குங்கள். தீவு விட்ட இடத்திலேயே நிற்கும். பதற்றத்தில் கன்சோலை மட்டும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், போவது அப்போதுதான் போகும்.

உவரி: கடற்கரை வீடு. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. கார்டு தாங்குமா?

கார்டின் பட்டைகள் தங்க முலாம், அவை எளிதில் துருப்பிடிக்காது. அழுக்குப் படியும். மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, சர்வீஸ் கடையில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். கவலை ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் ஊசிகளைப் பற்றித்தான். வாயால் ஊதாதீர்கள், ஈரம் போய் உட்காரும். கார்டைப் போட்டால் போட்டபடி இருக்கட்டும். அடிக்கடி கழற்றாத ஸ்லாட்டில் காற்று புகுவது குறைவு.

நாங்குநேரி: 512 ஒன்றா, 256 இரண்டா?

ஒன்று. நகத்தளவுக் கார்டு, 15 மில்லிமீட்டர் நீளம், 11 அகலம். நெல்லை எக்ஸ்பிரஸ் பெர்த்தில் உட்கார்ந்து மாற்றப்போய்த் தவறவிட்ட ஒரு தம்பி, மதுரை வருகிற வரை டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மறுபடி பாளையங்கோட்டை மாணவர்: அண்ணாச்சி, 512 வாங்கிவிட்டேன், சோதனையும் பச்சை காட்டியது. பழைய 128 ஜிபி கார்டில் இருக்கும் கேம்களை எல்லாம் மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டுமா?

வேண்டாம். புதுக் கார்டை ஸ்விட்ச்சில் போட்டு அங்கேயே ஃபார்மட் செய். கன்சோலை அணைத்துவிட்டுக் கழற்று. பழைய கார்டில் நின்டெண்டோ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை அப்படியே முழுசாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, புதுக் கார்டில் அதே பெயரில் இருப்பதன் மேல் போடு. உள்ளே போய் ஒன்றொன்றாகப் பொறுக்காதே. அப்புறம் ஒவ்வொரு கேமையும் ஒரு தடவை திறந்து பார். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழைய கார்டை அழிக்காமல் வைத்திரு. ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்தால் போதும்.