சிந்தசைசரில் எந்த ஒலியைச் செய்தாலும் ஆர்கன் மாதிரியே கேட்கிறதே, ஏன்?

சா-டூத், ஸ்கொயர் என்று அலைவடிவத்தை மாற்றியும் பலனில்லை, சத்தம் இறங்கும் நேரத்தை மாற்றும் டிகே குமிழைத் திருகினாலும் வித்தியாசமே தெரியவில்லை என்கிறீர்கள். அந்த டிகே விஷயம்தான் காட்டிக்கொடுக்கிறது: உங்கள் சஸ்டெயின், அதாவது கீயை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் சத்தத்தின் அளவு, உச்சத்தில் இருக்கிறது.

கீயை அழுத்தியதும் முழுச் சத்தம், அழுத்தியிருக்கும்வரை அதே சத்தம், விட்டதும் கப்சிப். ஆர்கன் அப்படித்தான் ஒலிக்கும். பல சிந்தசைசர்களில் வெறும் பேட்ச் (ஒலி அமைப்பு) ஒன்றைத் திறந்தால் வால்யூம் என்வலப், அதாவது சத்தம் நேரத்தோடு ஏறி இறங்கும் விதம், இருப்பதும் அப்படியே.

அந்த என்வலப்புக்கு நான்கு குமிழ்கள். அட்டாக் என்பது ஒலி உச்சத்துக்கு ஏற எடுக்கும் நேரம். டிகே, அங்கிருந்து சஸ்டெயின் மட்டத்துக்கு இறங்கும் நேரம். ரிலீஸ், விரலை எடுத்தபின் அடங்கும் நேரம். சஸ்டெயின் மட்டும் நேரமே கிடையாது. அது சத்தத்தின் அளவு. இது புரியாமல் நான் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பியானோ ஒலி நீளமாக வரட்டும் என்று சஸ்டெயினை ஏற்றிக்கொண்டே போனேன். ஏற்ற ஏற்ற ஆர்கன்தான் வந்தது. சஸ்டெயின் உச்சத்தில் இருந்தால் டிகே இறங்குவதற்கு இடமேது?

சரி, இப்போது ஒரே ஒரு சா-டூத் அலையை எடுங்கள். அட்டாக் 2 மில்லிசெகண்ட், டிகே 800, சஸ்டெயின் பூஜ்யம், ரிலீஸ் 300. தந்தியைச் சுண்டிய மாதிரி வரும். அலையைத் தொடாமல் அட்டாக்கை 250 ஆக்கி, சஸ்டெயினை 80 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். வில் போட்டு இழுத்த மாதிரி ஆகிவிடும்.

இது என்ன கருவி என்று காது முடிவுகட்டுவதில் தொடக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பியர் ஷாஃபெர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1948இல் பாரிஸில் மணியோசையைப் பதிவுசெய்து, அடிபடும் கணத்தை மட்டும் நீக்கிப் பார்த்தார். மணி மணியாகவே கேட்கவில்லை. 1987இல் வந்த ரோலண்ட் டி-50 என்ற சிந்தசைசர் இதையே சாதகமாக்கிக்கொண்டது. அப்போது மெமரி விலை அதிகம். அதனால் தொடக்கத்துக்கு மட்டும் நிஜக் கருவிகளின் குட்டிப் பதிவுகள், தொடர்ச்சிக்கு சிந்தசைசர் ஒலி. அந்த ஒட்டுவேலை கேட்பவருக்குத் தெரியாது.

அப்புறம், அட்டாக், ரிலீஸ் இரண்டையும் சுத்தமாகப் பூஜ்யத்தில் வைத்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அலை பாதியில் வெட்டுப்படுவதால் வருவது அது. ஆளுக்கு 5 மில்லிசெகண்ட் கொடுத்தால் போதும்.

நீங்கள் வைத்திருப்பது மினிமூக் வகை சிந்தசைசர் என்றால் ரிலீஸ் குமிழைத் தேடாதீர்கள், அது இல்லாமலே இருக்கலாம். 1970இல் வந்த அசல் மினிமூக்கிலேயே அட்டாக், டிகே, சஸ்டெயின் மூன்றுதான். கீபோர்டின் இடப்பக்கம் டிகே என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் டிகே நேரமே ரிலீஸுக்கும் பொருந்தும்.